சுவருக்கு வில்லங்கச் சான்று

சென்னையில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கப் போகிறவர், வக்கீல் சொன்னபடி 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுவார். தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, பிளான் அப்ரூவல், சொத்துவரி ரசீது எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் சேரும். எந்த ஆண்டு எந்தத் தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார் என்பதுவரை விசாரிப்பார். வீட்டைப் பார்க்க ஒதுக்கும் நேரம் கால் மணி. அதிலும் பாதி, வாசல் கிழக்கா வடக்கா, அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்பதில் போய்விடும். மீதியில் ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார். ‘புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, நல்லா வச்சிருக்காங்க’ என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே படி இறங்குவார்.

விற்பதற்கு முன் அடிக்கும் அந்தப் பெயின்டுக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். நீர் எதுவரை ஏறி நின்றது, உப்பு எங்கே பூத்தது, மேலே எந்தக் கம்பி வரிசையை ஒட்டிப் பழுப்புக் கோடு விழுந்தது என்று சுவரும் கூரையும் காட்டிக்கொண்டிருந்த சாட்சியமெல்லாம் இரண்டு கோட் பட்டிக்கும் இரண்டு கோட் பெயின்டுக்கும் அடியில் போய்விடும். பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தையாவது கோர்ட்டில் பேசித் தீர்க்கலாம். நீரும் உப்பும் காற்றும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் வில்லங்கம் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்காது.

முதலில் நீர். கீழ்த்தள வீடுகளில் ஓதம் ஏறிய சுவரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரம்வரை காரை உப்பி, தொட்டால் பொலபொலவென்று உதிரும். மேல் விளிம்பில் ஒழுங்கற்ற பழுப்புக் கோடு ஒன்று ஓடும். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு நீர் தானாக ஏறும். இந்தத் தலைகீழ் விகிதத்தை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில மருத்துவர் 1718-இல் கண்ணாடிக் குழாய்களை வைத்துச் சொன்னார். கணக்குப்படி, 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏறலாம். ஆரம் 0.001 மில்லிமீட்டர் என்றால் 15 மீட்டர்.

அப்படியானால் ஓதம் நான்காவது மாடிவரை போகவேண்டுமே? போவதில்லை. ஏறுகிற நீர் சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மண்ணிலிருந்து வருகிற அளவும் காற்றில் போகிற அளவும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்றுவிடும். அந்த எல்லைதான் பழுப்புக் கோடு.

இனி நம் ஊர் ரிப்பேரைப் பார்க்கலாம். உப்பிய காரையைக் கொத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்த சிமென்ட் பூச்சு பூசுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மண்ணிலிருந்து வருகிற நீர் குறையவில்லை, அது வெளியேறும் வழி மட்டும் நாலடிவரை அடைபட்டுவிட்டது. எனவே டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, ஐந்தாவது அடியில் வெளியே தலைகாட்டும். கூடத்தின் ஒரே ஒரு சுவரில் மட்டும் காரணமில்லாமல் டைல்ஸோ பிவிசி பேனலோ ஒட்டியிருந்தால், அழகுக்காக என்று சொல்லக்கூடும். உண்மையாகவும் இருக்கலாம். அதன் மேல் விளிம்பை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பதில் தவறில்லை.

நீர் போனாலும் அது கொண்டுவந்த உப்பு போகாது. மண்ணிலும் செங்கல்லிலும் இருந்து கரைந்து வந்த உப்புகள், நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகத் தங்கும். சுவரின் முகத்தில் தங்கினால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், துடைத்துவிடலாம். பூச்சுக்கு உள்ளே தங்கினால்தான் ஆபத்து. சோடியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் கிடைத்தால் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கு மேல் பருக்கும். உலர்ந்தால் மறுபடி சுருங்கும். மழைக்கு ஒரு முறை, வெயிலுக்கு ஒரு முறை என்று இது நடக்க நடக்க, நுண்துளைகளின் சுவர்கள் நொறுங்கிக் காரை மாவாகிறது. சில உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத புழுக்கமான நாளில் சுவர் நனைந்து தெரிவது அதனால்தான். உப்புக் காரையை முழுதும் கொத்தி எடுக்காமல் மேலே பெயின்ட் அடித்தால், அது ஒரு மழைக்காலம் தாங்கலாம். விற்பவருக்கு அது போதும்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிச்சமிருக்கும், சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், ஈரம் வெளியேறும் வழியை அடைக்கும் தவறு இன்னும் மோசமாக முடிகிறது. சுண்ணாம்புக் காரை நீராவியைத் தாராளமாக வெளியே விடும். உப்பின் தாக்குதலைத் தானே ஏற்று உதிர்ந்து, செங்கல்லைக் காப்பாற்றும். அந்தச் சுவருக்கு ‘ஸ்ட்ராங்’காக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினால், ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு செங்கல் அரிக்கத் தொடங்கும். பூச்சு கல்லாக நிற்கும், பின்னால் சுவர் தூளாகிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வீட்டை விற்க வருகிறவர் சிமென்ட் பூச்சைப் பெருமையாகக் காட்டுவதுண்டு. விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடம் அது.

இங்கே நம் பஞ்சாங்கமும் வாங்குபவருக்கு எதிராக வேலை செய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த ஈரம் செங்கல் சுவரில் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே சுவர் தன் குறைகளை எல்லாம் வெளியே காட்டும் மாதம் மார்கழி. மார்கழியில் யாரும் வீடு பார்க்கப் போவதில்லை. தை பிறந்து, சுவர் காய்ந்து, பெயின்டும் அடித்த பிறகு புரோக்கர் போன் செய்வார். பேசி முடிப்பதைத் தைக்குத் தள்ளிப்போடுங்கள், பார்ப்பதை மார்கழியிலேயே செய்துவிடுங்கள் என்பது என் கட்சி.

அடுத்தது மேலே, சிலாப். இதை நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனெனில் வீட்டில் பெரும் பணம் விழுங்கும் ரிப்பேர் இதுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதே ஒரு வியப்பு. கான்கிரீட் நீர் புகாத பொருள் அல்ல. உள்ளே இருக்கும் இரும்புக்கு ஈரமும் கிடைக்கிறது, ஆக்சிஜனும் கிடைக்கிறது. அதைக் காப்பது காரத்தன்மை. சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பிஎச் அளவு 12.5-க்கு மேல் போகிறது. அந்தச் சூழலில் இரும்பின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படிந்து, துரு மேற்கொண்டு நடக்கவிடாமல் தடுக்கிறது. படலம் கிழிந்தாலும் காரம் இருக்கும்வரை தானாகவே மீண்டும் உருவாகிக்கொள்ளும்.

இந்தக் காரத்தைக் காற்று தின்னுகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளை வழியே உள்ளே போய், சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. பிஎச் 9-க்குக் கீழே இறங்குகிறது. வெளிமுகத்தில் தொடங்கி உள்நோக்கி நகரும் இந்த எல்லை கம்பியைத் தொட்ட அன்று பாதுகாப்புப் படலம் கரைந்துபோகும். அது நகரும் வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால், 20 மில்லிமீட்டர் போக 40 ஆண்டு ஆகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கவேண்டிய இடத்தில் 10 மட்டும் இருந்தால், ஆயுள் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது.

கம்பி கட்டும்போது சென்டரிங் பலகையிலிருந்து கம்பியைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை இருக்கிறது. பல பழைய கட்டடங்களில் அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைச் சொருகியிருப்பார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மேலே நடக்க, ஜல்லி விலகி, கம்பி பலகையோடு பலகையாகப் படுத்துவிடும். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரணச் சூழலில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. கடலோரச் சூழலுக்கு அது கேட்பது 45. பெசன்ட் நகரில் 1980-களில் கட்டிய ஒரு சிலாப்பில் இந்த 45 இருக்கும் என்று நம்பி யாரும் பணம் கட்டமாட்டார்கள்.

கடலோரத்துக்கு ஏன் அவ்வளவு? உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையும்வரை காத்திருப்பதில்லை. காரம் முழுசாக இருக்கும்போதே அது படலத்தைத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் குழிகுழியாக அரிக்கும். வேலை முடிந்ததும் செலவாகிப் போய்விடாமல் மறுபடி வினைக்குத் திரும்பும் என்பது இன்னும் மோசம். கடற்காற்றில் மட்டும்தான் இது வரும் என்பதும் இல்லை. கலவைக்கு ஊற்றிய போர்வெல் நீர், கழுவாமல் சேர்த்த கடற்கரை மணல், இரண்டும் போதும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது அதே தரநூல். கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்ட மீஞ்சூர் போன்ற பகுதிகளில், கடலைக் கண்ணால் பார்க்க முடியாத வீட்டுக்கும் இந்த நோய் வரலாம். கம்பி அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நாம் வெளிநாடு தேடவும் வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நடப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. மண்டபம் கடற்கரையில் அதற்கென்றே ஓர் ஆய்வு நிலையமும் வைத்திருக்கிறது.

துருவானது, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையை அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தாங்காது. ஆகவே கம்பியை ஒட்டியே நேர்கோட்டில் விரிசல் விடும். பிறகு பழுப்பு இறங்கும். பிறகு ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து சமையல் மேடையில் விழும். பெரும்பாலும் இது மாடி வீட்டுக் குளியலறைக்குக் கீழே, சன்ஷேடுக்கு அடியில், பால்கனி விளிம்பில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொடங்கும். பார்க்கப் போகிறவர் முதலில் போகவேண்டிய இடங்களும் அவைதான். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடென்றால் விளக்கு மாட்டிய ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்க்கச் சங்கடப்படக்கூடாது.

பெயர்ந்த இடத்துக்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி வந்து தளர்ந்ததைத் தட்டிவிட்டு, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கெட்டியாகச் சிமென்ட் கலவை அப்பிவிட்டுப் போவார். இரண்டு மூன்று ஆண்டில், அப்பிய இடம் நன்றாக இருக்கும், அதைச் சுற்றிய இடம் பெயரும். ‘அன்னைக்குச் சரியாப் பார்க்காம விட்டுட்டோம்’ என்று மறுபடி அப்புவார்கள். மேஸ்திரியின் கை மோசமில்லை. துரு ஒரு மின்வேதி வினை. பேட்டரியில் இருப்பதுபோலவே இதற்கும் இரண்டு முனைகள் வேண்டும்: ஒன்றில் இரும்பு கரையும், மற்றதில் ஆக்சிஜன் பயன்படும். பழைய புண் இருந்தவரை அதுவே கரையும் முனையாக இருந்து, அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் புதுக் கலவையின் காரத்தை ஊட்டியதும் அது மறுமுனையாகிவிட, கரையும் வேலை பக்கத்து உப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு மாறிவிடுகிறது.

இதைத் தெரிந்து செய்யும் ரிப்பேர் வேறு மாதிரி இருக்கும். துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், உப்போ காரமிழப்போ உள்ள கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் கொத்தி எடுப்பார்கள். கம்பியைப் பளபளக்கும்வரை சுத்தம் செய்து காப்புப் பூச்சு கொடுப்பார்கள். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பார்கள். பாலிமர் கலந்த கலவையால் அடைப்பார்கள். சில இடங்களில் துத்தநாகத் துண்டைக் கம்பியோடு கட்டிவிடுவதும் உண்டு. இரும்புக்குப் பதில் அது கரையும். இதற்கு நாலு மடங்கு நாளாகும், தூசி வீடெல்லாம் நிறையும். முடிந்தபின் மேலே பெயின்ட் அடித்துவிட்டால், அப்பிய வேலைக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது, அதிலும் ஒரு பொறி உண்டு. எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1940-களின் கடைசியில் உருவாக்கிய ரீபவுண்ட் ஹேமர்தான் இன்று எல்லா இன்ஜினியர் பையிலும் இருக்கிறது. கான்கிரீட்டில் அழுத்தினால் உள்ளிருக்கும் எடை மோதித் துள்ளும், எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கெட்டி என்று கணக்கு. ஆனால் கார்பனேட்டாகிப்போன மேற்பரப்பு சாதாரணத்தைவிடக் கெட்டி. காரமிழந்த பழைய கான்கிரீட்டில் இந்தக் கருவி உண்மையைவிட 50 சதவீதம்வரைகூட அதிகமாகக் காட்டலாம். கம்பியைக் கைவிட்டுவிட்ட கான்கிரீட்டுக்கு நல்ல மார்க் கிடைத்துவிடும். அந்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டி விற்பவரிடம் இன்னொன்றைக் கேட்கவேண்டும்.

அந்த இன்னொன்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்ததுதான், ஃபீனால்ஃப்தலீன். சிலாப்பின் அடியிலோ பீமிலோ ஒரு சின்ன இடத்தை உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தில் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், இழந்த இடம் நிறம் மாறாது. நிறமில்லாத பட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, கவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், வர்க்கமூலக் கணக்கில் மீதி எத்தனை ஆண்டு என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். கடலோரமானால் கான்கிரீட் தூள் எடுத்துக் குளோரைடு அளவும் பார்க்கவேண்டும், ஏனெனில் இளஞ்சிவப்பு நிறம் உப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் இதையெல்லாம் பார்த்திருப்பார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் வருவது கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க.

விரிசல்களைப் பற்றி நிறையப் பயப்படுகிறோம், பாதி தேவையில்லாத பயம். பூச்சில் வலைபோல ஓடும் ஏர் கிராக்கை மறந்துவிடலாம். மேல்மாடி வீட்டில், சிலாப்புக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளச் சிலாப் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும், சுவர் அவ்வளவு நீளாது. மொட்டைமாடியில் சுருக்கித் தளமோ வெள்ளைக் கூல் டைல்ஸோ போட்டால் அது குறையும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல் வேறு சாதி: அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது அல்லது களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்புகிறது. மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலின் குறுக்கே ஒட்டிவைத்தால், அசைவு நடந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடைந்துவிடும். வேகமாக அகலும் விரிசலுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், வெளியே வரவேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புப் பகுதி சரிந்தபோது உயிரிழப்பு ஏற்படவில்லை. விரிசலைக் கண்டு அங்கிருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

இவ்வளவு அறிவியல் இருந்தும் வீட்டுச் சந்தையில் அது ஏன் புழங்குவதில்லை? ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு வெளியான அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே தெருவில் இரண்டு ஃபிளாட். ஒருவர் பல லட்சம் செலவழித்துச் சிலாப்பை முறையாகச் சரிசெய்தார். மற்றவர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் இரண்டுக்கும் நடுவான விலையைத்தான் சொல்வார். முறையாகச் செய்தவருக்கு நஷ்டம். அதைப் பார்த்த மூன்றாமவர் மேஸ்திரிக்குப் பதில் பெயின்டரைக் கூப்பிடுவார். போகப்போக விற்பனைக்கு வருவதே பட்டி பார்த்த வீடுகளாகிவிடும்.

சென்னையின் பழைய ஃபிளாட்டுகளில் இன்னொரு சுழியும் உண்டு. விலையில் பெரும்பகுதி பிரிபடாத நிலப் பங்குக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வழி திறந்துவிட்டதால், ‘எப்படியும் இடிக்கப்போற கட்டடம்’ என்று ரிப்பேருக்கு யாரும் பணம் எடுத்துவைப்பதில்லை. இடிப்பது பேச்சில் நிற்கும்போதே பத்து ஆண்டு ஓடிவிடும். கம்பி அதற்காகக் காத்திருப்பதில்லை. அந்தச் சிலாப்புக்கு அடியில்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. மறைத்தால் மோசடி என்றும் சொல்கிறது. பட்டிக்கு அடியில் இருக்கும் துரு இதில் வரும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது வாங்கியவர் பாடு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் புது வீட்டுக்கு 5 ஆண்டுவரை கட்டமைப்புக் குறைக்குப் பொறுப்பைக் கட்டியவர்மேல் வைக்கிறது. கைமாறும் பழைய வீட்டுக்கு அது உதவாது.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய்ப் பத்திரம் என்றால் 5.4 லட்சம் அதிலேயே போய்விடுகிறது. அதற்குப் பக்கத்தில், இரண்டு இடத்தில் கான்கிரீட்டை உடைத்து நிறம் பார்ப்பதும் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் ஆயிரக்கணக்கில் முடிகிற செலவு. அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். கிரயத்துக்கு முன், கட்டடப் பொறியாளர் ஒருவர் குளியலறைக்குக் கீழும் பால்கனி அடியிலும் கான்கிரீட் மாதிரி எடுக்க விற்பவர் சம்மதிக்கிறார் என்பது ஒன்று. முடிவு சரியில்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் அல்லது ரிப்பேர்ச் செலவு விலையில் கழியும் என்பது மற்றொன்று. உடைத்த இடத்தை அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் செலவு வாங்குபவருடையது.